ஏழாவது வரி

நீங்கள் பெட்டி கட்டுவதை நிறுத்த வேண்டாம். நான் இந்த நாற்காலியின் ஓரத்திலேயே உட்கார்ந்துகொள்கிறேன். சேலை அடுக்கி வைத்திருக்கிறீர்கள், இருக்கட்டும், எடுக்க வேண்டாம். எனக்குப் பாதி நாற்காலி போதும்.

முன்பின் தெரியாதவள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்கிறாளே என்று உங்கள் வீட்டுக்காரர் பார்த்தார். நியாயம்தான். என் பெயர் மங்கையர்க்கரசி. இங்கேதான், மதுரையில், பெண்கள் கல்லூரி ஒன்றில் முப்பத்துநான்கு வருடம் தமிழ் நடத்தினேன். உங்களை மன்னாருக்கு அனுப்புகிறார்களே, அதே தொண்டு நிறுவனம்தான் மூன்று வருடத்துக்கு முன்னால் என்னையும் அனுப்பியது. அதே பள்ளிக்கு. அலுவலகத்துப் பெண் உங்கள் முகவரியைத் தரமாட்டேன் என்றாள். என்னிடம் படித்தவள், அதனால் கடைசியில் தந்துவிட்டாள். அவளைத் திட்டாதீர்கள்.

வெள்ளிக்கிழமை விமானம் என்றாள். இன்று புதன். அதனால்தான் ஓடி வந்தேன். நீங்கள் அங்கே போய் இறங்கியதும் என்னைப் பற்றிச் சொல்லுவார்கள். சிஸ்டர் யூஜினி சொல்லமாட்டார், பள்ளியை நடத்துகிறவர் அவர், ஆளைப் பற்றி ஆளிடம் பேசுகிற வழக்கம் அவருக்குக் கிடையாது. பிலோமினா சொல்லுவாள். பிள்ளைகளைக் குளிப்பாட்டுவது, ஊட்டுவது, துவைப்பது எல்லாம் அவள்தான், அந்த விடுதியில் பதினோரு வருடமாக இருக்கிறாள். "உங்களுக்கு முன்னால இந்தியாவில இருந்து ஒரு ரீச்சர் வந்தவ" என்று ஆரம்பிப்பாள், டீச்சர் அவர்கள் வாயில் ரீச்சர். அவள் சொல்வதற்கு முன்னால் நான் சொல்லி நீங்கள் கேட்டிருக்க வேண்டும். அதற்குத்தான் நான் வந்தது.

நீங்கள் பிசியோதெரபிஸ்ட் என்றார்கள். பெரியாஸ்பத்திரியில் இருபத்தைந்து வருடமா? அப்படியென்றால் உங்களுக்குக் கையில் வேலை இருக்கிறது. எனக்கு வாய்தான். வாயை வைத்துக்கொண்டு போனேன் நான், காது கேட்காத பிள்ளையிடம்.

பணி ஓய்வுக்குப் பிறகு நாலு வருடம் வீட்டில் இருந்தேன். மகன் புனேயில். இரண்டு கவிதைத் தொகுப்பு போட்டிருக்கிறேன், நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள், யாரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஒருநாள் அந்த விளம்பரத்தைப் பார்த்தேன். விடுதிப் பள்ளி, மாற்றுத்திறனாளிக் குழந்தைகள், ஒரு வருடம், தமிழ் தெரிந்திருந்தால் நல்லது என்று போட்டிருந்தது. தமிழ் தெரிந்திருந்தால் நல்லதாம். நான் சிரித்தேன். அந்த ஒரு வரிக்காகவே விண்ணப்பம் எழுதினேன்.

தனுஷ்கோடி மணலில் நின்றால் அது எதிர்க்கரை. நான் போனது விமானத்தில் கொழும்புக்கு, பிறகு ஒரு பகல் முழுக்க ரயிலில் வடக்கே. போய் இறங்கிப் பார்த்தால் நம் கரை மாதிரியேதான் இருக்கிறது. அதே மணல், அதே பனை. வேலிக்கு வெளியே யாருக்கும் சொந்தமில்லாத கழுதைகள் கூட்டம் கூட்டமாக நிற்கும், அது மட்டும் புதிது. பள்ளி என்றால் இரண்டு நீளக் கட்டடம், ஒரு கிணறு, பத்துப் பேர் கைகோத்தாலும் கட்டமுடியாத ஒரு பெருக்கமரம். முப்பத்திரண்டு பிள்ளைகள். சிலருக்குப் பார்வை இல்லை, சிலருக்குக் கால் இல்லை, சிலருக்கு என்ன இல்லை என்று சொல்லத் தெரியவில்லை. அனிற்றாவுக்கு மட்டும் கண்ணும் இல்லை, காதும் இல்லை. பிறந்ததிலிருந்தே. எட்டு வயது அப்போது.

அவளிடம் என்னை விட்டார்கள்.

நான் முதல்நாள் அவள் முன்னால் உட்கார்ந்து, "கண்ணம்மா, என் பேர் அரசி" என்றேன். பின்னால் நின்ற பிலோமினா சத்தமாகச் சிரித்தாள். "ரீச்சர், உங்கட பேரை அந்தச் சுவருக்கும் ஒருக்காச் சொல்லுங்கோ, அதுக்குந்தான் கேளாது." அப்படித்தான் பேசுவாள். நீங்கள் பழகிக்கொள்ள வேண்டும்.

இப்போது கவனமாகக் கேளுங்கள், இது முக்கியம். நீங்கள் போனதும் இதைத்தான் முதலில் சொல்லித் தருவார்கள். அந்தப் பிள்ளைக்குச் சொல் கிடையாது. பொருள்தான். சுவரோரம் தாழ்வாக ஒரு பலகைத் தட்டு இருக்கும். அதில் ஒரு கரண்டி, ஒரு துண்டுத் துவாலை, ஒரு செருப்பு வார், ஊஞ்சல் கயிற்றில் ஒரு சாண். கரண்டியைக் கையில் கொடுத்தால் சாப்பாடு வரப்போகிறது. துவாலை என்றால் குளியல். வார் என்றால் வெளியே போகிறோம். சாப்பிட்டு முடித்ததும் அவளே கரண்டியைக் கொண்டுபோய்க் கதவோரம் இருக்கிற மரப்பெட்டியில் போட்டு மூடியைச் சாத்துவாள். முடிஞ்ச பெட்டி என்று அதற்குப் பேர். சாத்தினால் முடிந்தது. பிறகு தட்டில் தடவி அடுத்தது என்ன என்று பார்ப்பாள். நமக்கு இது விளையாட்டு. அவளுக்கு அதுதான் காலம். அதுதான் நேற்று, இன்று, நாளை எல்லாம்.

பதினாலு பொருள் வைத்திருந்தாள். பதினாலு பெயர்ச்சொல். அவ்வளவுதான் அவள் மொழி. ஐந்து வயதில் கொண்டுவந்து விட்டபோது கட்டிலுக்கு அடியிலேயே கிடப்பாளாம், கை வைத்தவர்களைக் கடிப்பாளாம். இரண்டு வருடம் நாலு மாதம் பிலோமினா அவள் கைக்கு அடியில் தன் கையை வைத்து, கரண்டி, சோறு, கரண்டி, சோறு என்று ஒரு நாளைக்கு மூன்று வேளை. கரண்டி வந்தால் சோறு வரும் என்று அந்தப் பிள்ளை நம்புவதற்கே அத்தனை நாள் ஆயிற்று. பிலோமினா அதை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே இருப்பாள். கொஞ்சம் பெருமைக்காரிதான்.

மனிதர்களுக்கும் அப்படி ஒரு பொருள் உண்டு. சிஸ்டர் என்றால் கழுத்தில் தொங்குகிற சிலுவை. பிலோமினா என்றால் இடுப்புச் சாவிக்கொத்து. ராணி என்று ஒரு சின்னப் பெண் உதவிக்கு இருந்தாள், அவளுக்குத் தலைக்கிளிப். வருகிறவர்கள் முதலில் அதைத்தான் அவள் கையில் கொடுக்கவேண்டும். இன்னார் வந்திருக்கிறேன் என்று அர்த்தம்.

என்னுடையதை நான் கொடுக்கவில்லை. அவளே கண்டுபிடித்தாள். இரண்டாம் நாள் என் இடது மணிக்கட்டைப் பிடித்தாள், பிடித்தவள் விடவேயில்லை. இதோ, இந்த முறுக்கு வளையல்தான். அப்போது இரண்டு இருந்தது. ஐம்பொன். அந்த முறுக்கைச் சுற்றிச் சுற்றி விரல் ஓட்டினாள், முகர்ந்தாள், பல்லால் கடித்துப் பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்து இரண்டு தரம் ஆட்டினாள். வளையல் ஒன்றோடொன்று மோதி அதிர்ந்தது, அந்த அதிர்வு அவளுக்குத் தெரிந்திருக்கும் போல. சிரித்தாள்.

முப்பத்துநான்கு வருடத்தில் எத்தனை பிள்ளைகள் என்னைக் கூப்பிட்டிருப்பார்கள். என் பெயரை அத்தனை சரியாக யாரும் சொன்னதில்லை.

சிஸ்டர் பார்த்துக்கொண்டு நின்றார். "அப்ப ரீச்சற்ற அடையாளம் வளையல்தான்" என்றார். "இனி இந்த வளவுக்குள்ள வேற ஒருத்தரும் வளையல் போடக்கூடாது. பிள்ளை குழம்பிப்போகும்." பிலோமினாவின் கையில் சிவப்புக் கண்ணாடி வளையல் மூன்றோ நாலோ இருந்தது. அவள் அந்த இடத்திலேயே கழற்றினாள். சமையலறைச் சுவரில் ஒரு ஆணி, அதில் மாட்டினாள். மாட்டிவிட்டு அரிசி களையப் போய்விட்டாள். அவள் புருஷன் கடலுக்குப் போய் ஒன்பது வருடமாக வரவில்லை. படகு கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை. "வருவார்" என்பாள், சந்தைக்குப் போனவரைச் சொல்வதுபோல. நான் இருந்த வருடம் முழுக்க அந்த வளையல் ஆணியிலேயே தொங்கியது. கண்ணாடி வளையல்தானே, கழற்றுவதற்கு என்ன. என்னுடையது அப்படியில்லை. அதைச் சொல்கிறேன்.

பிலோமினாவுக்கு என்மேல் பொறாமை வந்தது. இல்லை, வராது என்கிறீர்களா? மூன்று வருடமாகச் சாவிக்கொத்தைப் பிடித்துக்கொண்டே திரிந்த பிள்ளை இப்போது என் கையைப் பிடித்துக்கொண்டு திரிந்தால் யாருக்குத்தான் வராது? காலையில் எழுந்தால் போதும், அனிற்றா கையை நீட்டி இரண்டு தரம் ஆட்டுவாள். என்னைக் கூப்பிடுகிறாள். நான் கிட்டப் போகிறவரை ஆட்டிக்கொண்டே இருப்பாள். ஊஞ்சலுக்கு நான், சாப்பாட்டுக்கு நான். "நல்லது, எனக்கொரு வேலை மிச்சம்" என்றாள் பிலோமினா. இன்னொரு நாள், "ஊட்டுங்கோ ரீச்சர், ஊட்டுங்கோ. ஆனா ஒரு வருசத்தில போறவை கொஞ்சம் தள்ளி இருந்து ஊட்டினால் நல்லது" என்றாள். பாருங்கள். தள்ளி இருந்து எப்படி ஊட்டுவது?

ஆவணி மாதம் ராணிக்குக் கல்யாணம் நிச்சயமாகி அவள் வேலையை விட்டுப் போனாள். அன்றைக்குத்தான் அந்தப் பழக்கத்தை முதல் தடவை பார்த்தேன். ராணி பிள்ளையின் கையைப் பிடித்துத் தன் தலையில் வைத்தாள். பிள்ளையின் விரலாலேயே கிளிப்பை எடுக்க வைத்தாள். இரண்டு பேரும் நடந்து போய்ப் பெட்டியில் போட்டார்கள். மூடியை அனிற்றா சாத்தினாள். ராணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வெளியே ஓடிவிட்டாள். அவ்வளவுதான். அடுத்த மூன்று நாள் அனிற்றா போய்ப் பெட்டியைத் திறந்து கிளிப்பைத் தொட்டுப் பார்த்தாள், மூடினாள். நாலாம் நாள் போகவில்லை.

எனக்கு அது பிடிக்கவில்லை. அப்போதே பிடிக்கவில்லை. சாவுவீடு மாதிரி இருக்கிறது என்று சிஸ்டரிடம் சொன்னேன். "இல்லை ரீச்சர். சாவுவீட்டிலயாவது எங்களுக்குச் சொல்லித் தர ஆக்கள் இருக்கினம். இவளுக்கு இந்தப் பெட்டி மட்டுந்தான்" என்றார்.

என் வருடம் முடிகிற வாரம் வந்தது. சிஸ்டர் கூப்பிட்டுச் சொன்னார், வெள்ளிக்கிழமை காலை என் வளையலை அதேமாதிரிக் கழற்றி, பிள்ளை கையால் பெட்டியில் போடவேண்டும் என்று. நான் முடியாது என்றேன்.

"ஏன்?"

"முடியாது சிஸ்டர். வேற ஏதாவது செய்யலாம்."

"வேற ஒண்டும் இல்லை ரீச்சர். நீங்கள் சும்மா போனால் அவள் தேடுவாள். எவ்வளவு காலத்துக்கெண்டு தெரியாது. ஒரு நிமிச வேலை இது."

பிலோமினா வாசலில் துணி மடித்துக்கொண்டு நின்றாள். "என்ன ரீச்சர், வளையலுக்குள்ள உயிரையோ வைச்சிருக்கிறியள்?" என்றாள்.

ஏன் என்று அங்கே யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். சிஸ்டர் கேட்டிருப்பார், கேட்டு வேறு வழி யோசித்திருப்பார். உங்களிடம்தான் முதல் தடவையாகச் சொல்கிறேன். என் வீட்டுக்காரர் போனபோது எனக்கு முப்பத்தொன்பது வயது. பத்தாம் நாள் என்னை நடுவில் உட்கார வைத்தார்கள். நான் எம்.ஏ. படித்தவள், வகுப்பில் இந்தச் சடங்கையெல்லாம் கிழித்துப் பேசுகிறவள். உட்கார்ந்தேன். கண்ணாடி வளையலை ஒருத்தி உடைத்தாள். தங்க வளையல் இரண்டையும் என் நாத்தனார் கழற்றி ஒரு பவுடர் டப்பாவில் போட்டாள். டப்பாவில் இன்னும் கொஞ்சம் பவுடர் இருந்தது, அதனால் விழுந்த சத்தம் கேட்கவில்லை. மூடியைப் போட்டாள் பாருங்கள், அந்தச் சத்தம் கேட்டது.

அடுத்த மாதச் சம்பளத்தில் புதுமண்டபத்துக்குப் போய் இந்த இரண்டையும் வாங்கினேன். நானே போட்டுக்கொண்டு கல்லூரிக்குப் போனேன். பேசாத வாயில்லை. அன்றைக்குப் போட்டதுதான், குளிக்கும்போதும் கழற்றியதில்லை, ஆஸ்பத்திரியில் கர்ப்பப்பையை எடுத்தபோதுகூடத் துணி சுற்றி விட்டுவிடுங்கள் என்று சண்டை போட்டேன். இன்னொரு தடவை என் கையிலிருந்து கழற்றிப் பெட்டியில் போட்டு மூடி சாத்துவதை நான் பார்க்கமாட்டேன். எந்தப் பெட்டியாக இருந்தாலும் சரி. எந்தப் பிள்ளைக்காக இருந்தாலும் சரி. அப்படித்தான் நினைத்தேன்.

ஆனால் சிஸ்டரிடம் சரி என்று சொல்லிவிட்டேன். பொய் என்று நினைக்கவில்லை. வெள்ளிக்கிழமை வருவதற்குள் என்னால் முடியும் என்று நினைத்திருக்கலாம்.

வெள்ளிக்கிழமை காலை சிஸ்டரை ஆயர் இல்லத்தில் அவசரமாகக் கூப்பிட்டுவிட்டார்கள். பிலோமினா கிணற்றடியில் பிள்ளைகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். ரயிலுக்கு ஒரு மணி நேரம் இருந்தது. நானும் அனிற்றாவும்தான் அறையில். பெட்டி கதவோரம் இருந்தது. நான் அவள் கையைப் பிடித்தேன். ஒரு வளையலைக் கழற்றினேன். கழற்ற முடிந்தது, பாருங்கள். ஆனால் பெட்டிப் பக்கம் திரும்பவில்லை. அவள் கையில் போட்டேன். பெரியவள் கை வளையல், அவளுக்கு முழங்கைக்கு மேலே போய் நின்றது. அவள் தொட்டாள். முறுக்கை விரலால் ஓட்டினாள். சிரித்தாள். கையை இரண்டு தரம் ஆட்டினாள்.

நான் அவளுக்கு வளையல் போட்டேன். ஒரு பெண் பிள்ளைக்கு வளையல் போட்டு அழகு பார்த்தேன். நம் ஊரில் இதைத் தப்பு என்று யாராவது சொல்லுவார்களா? என்னிடமிருந்து பிடுங்கியதை நான் ஒரு பிள்ளைக்குக் கொடுத்தேன் என்று எனக்கு அப்போது நெஞ்சு நிறைந்து இருந்தது. ரயிலில் ஒரு கவிதைகூட எழுதினேன். நன்றாக வந்திருந்தது.

தண்ணீரா? கொடுங்கள். வாய் காய்கிறது.

நாலு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. நான் போட்ட ஆறு கடிதத்துக்குப் பதில் இல்லை, அது என் மனக்குறை. இன்னொரு வருடம் வருகிறேன் என்று விண்ணப்பம் போட்டிருந்தேன், அதற்கும் பதில் இல்லை, அதுவும் குறை. பிறகு இது வந்தது. எனக்கு மனப்பாடம். 'அன்புள்ள ஆசிரியைக்கு, உங்கள்மேல் எங்களுக்குக் கோபம் இல்லை' என்று ஆரம்பம். கோபம் இல்லை என்று எழுதினால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா?

நான் போன மறுநாள் காலையில் அனிற்றா எழுந்ததும் வளையலைத் தொட்டிருக்கிறாள். வளையல் இருக்கிறது. அப்படியென்றால் ரீச்சர் வந்திருக்கிறாள். கையை நீட்டியிருக்கிறாள், ஒருவரும் இல்லை. ஆட்டியிருக்கிறாள், ஆட்டிக்கொண்டே இருந்திருக்கிறாள். பிறகு வளையலிலிருந்து மேலே தடவிக்கொண்டு போயிருக்கிறாள். எப்போதும் அப்படித்தான் செய்வாள், வளையல், மணிக்கட்டு, முழங்கை, தோள், பிறகு என் முகம். இப்போது வளையலைப் பிடித்துக்கொண்டு மேலே போனால் அவளுடைய தோள்தான் வருகிறது. அவளுடைய முகம்தான் வருகிறது.

ஒரு வாரம் அப்படிச் செய்தாளாம். நாள் முழுக்க. வளையல், தோள், முகம். திரும்பவும் வளையல்.

வளையலை எடுத்துப் பெட்டியில் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். அவளே திறந்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். முடிந்தது என்று அவளிடம் சொல்ல வேண்டியவள் நான் ஒருத்திதான், நான் ரயிலில் கவிதை எழுதிக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகுதான் கரண்டி. கரண்டியைக் கொடுத்தால் எறிந்தாள். சோறு வரும் என்று நம்பவில்லை. துவாலையைக் கொடுத்தால் எறிந்தாள். வாரை எறிந்தாள். சிஸ்டர் எழுதியிருந்தார், 'ஒரு பொருள் பொய் சொல்லியதால் எல்லாப் பொருளும் பொய் சொல்லும் என்று அவள் முடிவுக்கு வந்துவிட்டாள் என நினைக்கிறோம். திரும்பக் கட்டிலுக்கு அடியில் போய்விட்டாள். பிலோமினாவின் கையைக் கடித்து மூன்று தையல். இப்போது அவள் வளையலைத் தொட்டுத் தேடுவதில்லை. எதையுமே தேடுவதில்லை.'

எனக்காக ஏங்குகிறாள் என்றுதான் முதலில் படித்தேன். அழுதேன், கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது, உங்களிடம் மறைப்பானேன். ஒரு ஜீவன் எனக்காகச் சோறு தின்னாமல் கிடக்கிறதே என்று. நாலைந்து தடவை படித்த பிறகுதான் தெரிந்தது, அந்தக் கடிதத்தில் ஏக்கம் என்கிற சொல்லே இல்லை. அவளுக்கு நான் வேண்டும் என்று எங்கேயும் எழுதவில்லை. அவளுக்கு வேண்டியிருந்தது கரண்டி என்றால் சோறு என்பது. முப்பத்துநான்கு வருடம் சொல்லுக்குப் பொருள் சொல்லிக்கொடுத்தவள் நான்.

உடனே வருகிறேன் என்று தொலைபேசியில் சொன்னேன். பாஸ்போர்ட் இருக்கிறது, நாளைக்கே வருகிறேன், வந்து நானே பெட்டியில் போடுகிறேன் என்றேன். "நீங்கள் வந்தால் திரும்பிப் போவீங்கள்தானே ரீச்சர்" என்றார் சிஸ்டர். "சரி. வந்தால் போடுவீங்களோ?" என்றார் பிறகு.

போடுவேன் என்று நான் சொல்லவில்லை. அந்த இடத்தில் ஒரு சொல் சொல்லவேண்டும். சொல்லவில்லை. "தேவையில்லை ரீச்சர், நாங்கள் பாக்கிறம்" என்று வைத்துவிட்டார். வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள் என்றுதான் இத்தனை நாள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பிலோமினா மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள். அவள் கைக்கு அடியில் தன் கை. கரண்டி, சோறு. போன வருடம் கிறிஸ்துமஸுக்கு நான் கூப்பிட்டபோது அவள்தான் எடுத்தாள். "மூண்டு சாமான் வந்திட்டுது ரீச்சர். கரண்டி, துவாய், ஊஞ்சல்" என்றாள். குரலில் ஒரு கோபமும் இல்லை. பதினாலில் மூன்று. எனக்கு மூச்சு வந்தது. இந்த ஜனவரியில் திரும்பக் கூப்பிட்டேன். "ஒண்டுமில்லை" என்றாள். என்ன ஒன்றுமில்லை என்று கேட்டேன். ஒரு பிள்ளையைப் பார்க்க வந்த தாய், பாவம், அனிற்றாவை வாரி அணைத்திருக்கிறாள். அவள் கையில் வளையல். அனிற்றா பிடித்துக்கொண்டு விடவில்லை. இரண்டு தரம் ஆட்டினாளாம். தோளுக்குப் போய் முகத்துக்குப் போயிருக்கிறாள். வேறு முகம்.

மூன்றும் போயிற்று. "பரவாயில்லை, நான் எங்க போகப்போறன்" என்றாள் பிலோமினா. "அவளுக்குப் பதினொண்டாகுது. கை பெலத்திட்டுது. முந்தி மாதிரிப் பிடிக்க ஏலாமல் கிடக்கு. இன்னொருக்கா இப்பிடி நடந்தா என்னாலயும் ஏலாது ரீச்சர்." அவள் முடியாது என்று சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். வளையலை ஆணியிலிருந்து எடுத்தாயா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

உங்களுக்கு ஒரு தாள் அனுப்பியிருப்பார்களே, அங்கே கடைப்பிடிக்க வேண்டியவை என்று. இருக்கிறதா? பாஸ்போர்ட்டோடு வைத்திருக்கிறீர்களா, நல்லது. ஏழாவது வரியைப் பாருங்கள். 'வளையல் அணிந்து வருவதைக் கண்டிப்பாகத் தவிர்க்கவும்.' எனக்கு அனுப்பிய தாளில் ஆறு வரிதான் இருந்தது. இது எனக்குப் பிறகு சேர்த்தது. இரண்டு தொகுப்பு போட்டேன், ஒருவரும் படிக்கவில்லை. நான் எழுதியதில் நிற்கப்போவது இந்த ஒரு வரிதான்.

நீங்களும் படித்திருப்பீர்கள். படித்தும் கழற்றவில்லை. பெட்டி கட்டுகிற இந்த ஒரு மணி நேரமாக நான் உங்கள் கையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வலது கையில் தங்கம் இரண்டு, நடுவில் பச்சைக் கண்ணாடி நாலு. இடது கையிலும் அப்படியே. அந்த வரி கவரிங் போடுகிறவர்களுக்கு, ஃபேஷனுக்குப் போடுகிறவர்களுக்கு, நமக்கில்லை என்று நினைத்திருப்பீர்கள். எல்லோரும் அப்படித்தான் நினைப்போம்.

பிலோமினா சொல்வதற்கு முன்னால் சொல்லத்தான் வந்தேன் என்றேன் அல்லவா. அது இல்லை. இதைக் கேட்கத்தான் வந்தேன். கழற்றிவிட்டுப் போங்கள். ஒரு வருடம். இங்கே பீரோவில் வைத்துவிட்டுப் போங்கள்.

எனக்குத் தெரியும். விளக்கு வைக்கிற நேரத்தில், புருஷன் பக்கத்து அறையில் இருக்க, பயணம் போகிற சுமங்கலியிடம் என்னை மாதிரி ஒருத்தி வந்து உட்கார்ந்து கேட்கக்கூடிய பேச்சா இது? டிவி சத்தம் நின்றுவிட்டது, அவருக்கும் கேட்டிருக்கும். நீங்கள் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டீர்கள். தெரியாமல்தான் இழுத்தீர்கள், கோபம் இல்லை. நானும் அன்றைக்கு சிஸ்டர் முன்னால் இப்படித்தான் இழுத்தேன்.

இருங்கள். நான் முதலில் கழற்றுகிறேன். மிச்சம் ஒன்று இருக்கிறதே. உங்கள் முன்னாலேயே கழற்றி, அதோ உங்கள் சீப்பு டப்பாவிலேயே போடுகிறேன். பார்த்துவிட்டு நீங்களும் கழற்றுங்கள். ஒரு நிமிச வேலை. கொஞ்சம் மூட்டு வீங்கியிருக்கிறது, சோப்பெல்லாம் வேண்டாம். இதோ, மணிக்கட்டைத் தாண்டிவிட்டது. கட்டை விரல் முட்டி வரை வந்துவிட்டது, பாருங்கள்.

இல்லை, வலிக்கவில்லை.

இல்லை. வலி இல்லை, வேறு.

கொஞ்சம் பொறுங்கள்.

என்ன சொன்னீர்கள்? முழுக்கை ரவிக்கையா? உள்ளே தள்ளிவிட்டு ஊக்கு போட்டுக்கொள்வீர்களா? துணிக்கு மேலேயே அவளுக்குத் தெரிந்துவிடும். அவள் விரலை நீங்கள் பார்த்ததில்லை.

சரி.

சரி, இதை மேலேயே தள்ளிவிடுகிறேன். நீங்கள் பார்க்க வேண்டாம். முழுக்கை ரவிக்கையை அடியில் வைக்காதீர்கள், மேலாக வையுங்கள். முதல் நாளே வேண்டியிருக்கும்.